குற்றவாளி பாட்டரி அல்ல

மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் பாட்டரியைப் போலப் பழி சுமக்கும் ஜீவன் வேறு இல்லை. சாவியைத் திருகுகிறோம். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு மௌன விரதம் பூண்டுவிடுகிறது. உடனே, "பாட்டரி போச்சு!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். விசாரணை கிடையாது; சாட்சி கிடையாது; அப்பீலும் கிடையாது. கடைக்குப் போய்ப் பணத்தைக் கொட்டிப் புதுப் பாட்டரி வாங்கி வருகிறோம். சில வாரங்களில் அதுவும் முனகுகிறது.

ஆதி நாளில் மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினால் எஞ்ஜின் ஓடும். சில சமயம் திருப்பி உதைத்து, சுற்றினவர் மணிக்கட்டை முறித்தும் வைக்கும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் கார்களில் வந்தது. அன்றைக்கு மனிதர்களின் மணிக்கட்டு பிழைத்தது. பாரமெல்லாம் பாட்டரியின் தலையில் ஏறியது.

கொங்கு நாட்டுக்கு மோட்டார் வைத்தியம் நெடுநாள் பழக்கம். ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியது 1920-ல். 1932-ல் பைகாராவில் மின்சாரம் பிறந்தது. 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் நாளடைவில் பம்புசெட்டுக்கள் வந்து உட்கார்ந்தன. ஆகையால் கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதருக்கு மின்சார விஷயம் எதையும் விளக்க வேண்டுமானால், கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனால் போதும்.

உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் அப்படித்தான் எனக்கு விளக்கினார். வருஷம் 1974. பொள்ளாச்சியில் என் நண்பர் ஒருவர் வாடகைக் கார் விட்டிருந்தார். வால்பாறை எஸ்டேட்டுகளுக்குப் போய் வருகிற வண்டி. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் இறங்க வேண்டிய வண்டிக்கு, விளக்கு மங்கினால் விளையாட்டல்ல. அந்த வண்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது விடியற்காலையில் உயிரற்றுக் கிடந்தது. நண்பர் பாட்டரியை மாற்றினார். ஒரே மாதத்தில் மறுபடியும் அதே கதை.

"ராத்திரி வண்டிக்குள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். இவனால்தான் எல்லாம்" என்று நண்பர் டிரைவர் மேல் பாய்ந்தார். பாட்டரியின் விலையைச் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்வது என்றும் தீர்மானித்துவிட்டார்.

"நான் விளக்கே போடலீங்க மொதலாளி" என்பதைத் தவிர அந்த மனிதன் வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றான்.

மேஸ்திரி பாட்டரியின் பக்கமே போகவில்லை. "ஏனுங்க, பாட்டரிங்கிறது தொட்டிங்க. தொட்டி காலியாச்சுன்னா தொட்டியவா உதைக்கறது?" என்றார்.

எஞ்ஜின்தான் மாடு, டைனமோதான் கவலை. அது இறைக்கிற மின்சாரம் தொட்டியில் சேருகிறது. அளவுக்கு மேல் பாயாமல் பார்த்துக்கொள்கிற மடை, ரெகுலேட்டர். மாடு நின்றதும் தொட்டித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடாமல் தடுக்க ஒரு கதவு வேண்டுமே, அதுதான் கட்-அவுட். பம்புசெட்டின் ஃபுட் வால்வு செய்கிற வேலை.

விசாரணை செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பமாயிற்று. முதலில், பாட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய் உப்புப் பூத்திருக்கிறதா, கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தார். அடுத்து, பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் டைனமோ சரியாகச் சுற்றாது. பிறகு டைனமோவின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து வண்டியின் இரும்புக்கு ஒரு பல்பு கொடுத்தார். எஞ்ஜினை மெதுவாக ஓட்டியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. எரியாதிருந்தால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறதா, கரித்தூள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரவில் குற்றமில்லை. பிறகு மேஸ்திரி, டிரைவரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, வெடியால எடுக்கறப்ப ஏதாச்சும் வித்தியாசமா தெரியுமா?"

"டைனமோ மட்டும் வெதுவெதுன்னு இருக்குமுங்க. எஞ்ஜின் சில்லுனு இருக்கும். அது மட்டும் அடைக்கோழி மாதிரி..."

மேஸ்திரி சிரித்தார். பாட்டரிக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பல்பை வைத்தார். எல்லா ஸ்விட்சும் மூடியிருக்கும்போது அது எரியக் கூடாது, எரியவுமில்லை. கம்பியை மாட்டி வண்டியை ஓட்டி நிறுத்தி, மறுபடியும் பார்த்தார். இருட்டு. மூன்றாம் தடவை நிறுத்தியபோது பல்பு எரிந்தது. கட்-அவுட்டின் மூடியைத் திறந்து காட்டினார். விலகியிருக்க வேண்டிய இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஒட்டிக்கொண்ட இரவுகளில், தொட்டித் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பியிருக்கிறது. ஓடாத டைனமோ சூடானது அதனால்தான்.

புதுக் கட்-அவுட்டின் விலை, பாட்டரி விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டிரைவரிடம், "சம்பளத்திலே ஒண்ணும் பிடிக்கலை, போ" என்றார். மன்னிப்பு என்பதை அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்று டைனமோவின் இடத்தில் ஆல்ட்டர்னேட்டர் வந்துவிட்டது. கட்-அவுட்டின் வேலையை அதற்குள்ளிருக்கும் டயோடுகள் செய்கின்றன. டயோடு பழுதானாலும் இதே போல இரவில் கசியும். இப்போது சோதிப்பதற்குப் பல்பு வேண்டாம். ஒரு சிறிய மீட்டர் போதும். வண்டி வெகுநேரம் ஓடாமல் நின்றபின் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே இருக்கும். ஏறவே இல்லையென்றால் வரவில் கோளாறு. ஏறியும் காலையில் காலியாகிறதென்றால், ஒன்று தொட்டியே ஓட்டை, அல்லது எங்கோ கசிவு. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எஞ்ஜின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றிப் பார்க்கிற பழைய வித்தை ஆல்ட்டர்னேட்டருக்கு ஆகாது, டயோடுகள் வெந்துபோகும்.

மீட்டர் சொல்வதை நம்பத்தான் வேண்டும். ஆனால் வோல்ட்டைக் காட்டுகிற மீட்டருக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு டைனமோ வெதுவெதுப்பாயிருந்தது தெரியாது. அது தினம் வண்டியைத் தொட்டு எடுக்கிறவனுக்குத்தான் தெரியும். அவனை எதற்காகத் திட்டலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், என்ன கண்டான் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதற்குக் காசு செலவில்லை.