இணையவழிச் சமூகவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

இந்தப் பருவத்தில் அறிமுகச் சமூகவியலை இணையவழியில் எடுத்திருக்கும் தம்பி, தங்கைகளே, வாரப் பாடத்தை அந்த வாரமே முடித்துவிடுங்கள். சேரவிட்டால் கடைசியில் மலையாக நிற்கும். ஒப்படைப்புத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நான் பெரிதும் எதிர்பார்ப்பது வேறு. சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலை முதல் வாரமே தொடுவோம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் ஒருவருக்கு மட்டும் வேலையில்லை என்றால் அது அவருடைய சிக்கல். ஐந்து கோடித் தொழிலாளர்களில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால் அது சமூகத்தின் பிரச்சினை என்றார் அவர். இதை மனப்பாடம் செய்து எழுதினால் எனக்குத் திருப்தி வராது. ரேஷன் கடை வரிசையில் யார் நிற்கிறார்கள், விசேஷ வீட்டில் கடைசிப் பந்தியில் யார் சாப்பிடுகிறார்கள் (பெரும்பாலும் பெண்கள்தான்) என்று உங்கள் ஊரைப் பார்த்து எழுதுங்கள்.

சாதி பற்றிப் பேச்சு வரும், சூடாகும். "எங்க ஊர்ல அதெல்லாம் இல்ல" என்று சொல்பவர், சுடுகாடு ஒன்றா இரண்டா என்று விசாரித்துவிட்டு வந்து பேசட்டும். யாரையும் புண்படுத்த வேண்டாம்.

வீட்டில் ஒரே போன்தான், நெட் கிடைக்கவில்லை என்றால் தயங்காதீர்கள். தேதி முடிவதற்குள் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.