ஒளுத் தண்ணீரில் வளர்ந்த ரோஜா

எங்கள் வீட்டின் பின்கட்டில், கிணற்றடிக்கும் மதிற்சுவருக்கும் இடையே எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதைத் தோட்டம் என்று சொன்னால் உடுமலைப்பேட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். கொங்குச் சீமையில் தோட்டம் என்றால் கிணறும் பம்பு செட்டும் ஏக்கர் கணக்கில் தென்னையும் இருக்க வேண்டும். எங்கள் நிலத்தில் இருந்தவை ஒரு கறிவேப்பிலை மரமும் துணி துவைக்கும் கல்லும்தாம். 2019 ஆம் ஆண்டு ஆவணியில் மூன்றாவதாக ஒரு ரோஜாச் செடி வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு ஆனி மாதத்தில் அத்தா காலமானார்கள். அம்மா இத்தா இருந்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்க வேண்டிய காலம் அது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அம்மா திண்ணைப் பக்கமும் வராமல் பின்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேலை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் செடி கொண்டுவந்து விற்ற ஒருவரிடம் ஆரஞ்சு நிற ரோஜா ஒன்றை வாங்கினேன். "அதிகம் பாடுபட வேண்டாம் சார், வைத்தால் வந்துவிடும், இதற்குப் பேர் சூப்பர் ஸ்டார்" என்றார் அவர். நம் ஊரில் அப்பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருபவர் வேறு. ஆனால் செர்மானியரான மத்தியாஸ் தாண்டாவ் 1960 இல் அந்த ரோஜாவை வெளியிட்டபோது நம் நடிகர் பள்ளிச் சிறுவர். அது புகழ் பெற்ற பிறகு, ஆரஞ்சு நிறத்தில் எது இருந்தாலும் அப்பெயரைச் சூட்டி விற்பதே வியாபாரிகளின் வழக்கமாகிவிட்டது.

ஒன்றரை அடிக் குழி தோண்டினேன். செம்மண், மட்கிய மாட்டெரு, கொஞ்சம் மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பினேன். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்குமேல் இரண்டு விரற்கடை தெரியும்படி நட்டேன். என் பணி அத்துடன் முடிந்தது. பிறகு எல்லாம் அம்மாதான்.

தண்ணீருக்கு அம்மா ஒரு வழி கண்டார்கள். துவைக்கும் கல்லைச் செடியின் பக்கம் நகர்த்திப் போடச் சொன்னார்கள். ஐந்து வேளையும் அதில் அமர்ந்து செம்பில் ஒளுச் செய்வார்கள். கையும் முகமும் காலும் கழுவிய நீர் சிறு வாய்க்கால் வழியே செடியின் வேருக்குப் போகும். கோடையில் எங்கள் கிணறு அடி மண்ணைக் காட்டும். அந்நாளிலும் செடி வாடியதில்லை. இலையை நனைக்காமல் வேருக்கு மட்டும் நீர் விட வேண்டும் என்று நூல்களில் எழுதப்பட்டிருப்பதைப் பின்னாளில்தான் படித்தேன்.

ஒன்றரை மாதத்தில் முதற்பூ மலர்ந்தது. அந்நிறத்தை எப்படிச் சொல்வது? குங்குமப்பூவைப் பாலில் கரைத்தாற்போலக் காலையில் இருக்கும். இரண்டாம் நாள் வெயில் பட்டபின் ஓரங்கள் இளஞ்சிவப்பாக மாறும். அம்மா அதைப் பறித்து, ஓதப்போகும் அடுத்த வீட்டுச் சிறுமியிடம் கொடுத்துவிட்டார்கள். இத்தா முடிந்த பிறகு மலர்ந்த பூக்களும் அப்படியே போயின. மணப்பெண்ணுக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, என் மனைவிக்கு ஒன்று. நாங்கள் மகிழ்ந்தோம். அம்மாவுக்குக் கொடுக்கும் கை என்று பெருமைப்பட்டோம்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இலைகளில் கரும்புள்ளிகள் விழுந்தன. மஞ்சளாகிப் பாதி இலை கொட்டிவிட்டது. நான் பதறி மருந்துக் கடைக்குப் போய் ஒரு புட்டி பூசணக்கொல்லி வாங்கி வந்தேன். அம்மா அதைத் திறக்க விடவில்லை. "பிள்ளைங்க புழங்குற இடம் தம்பி. பழுத்ததைக் கிள்ளிப் போட்டா போச்சு" என்றார்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுருட்டி அடுப்பில் போட்டார்கள்.

அந்தக் கரும்புள்ளியின் கதையைத் தேடிப் படித்தபோது வியப்படைந்தேன். ஐரோப்பியரின் தோட்ட ரோஜாக்களில் வெள்ளையும் சிவப்பும் வெளிர்மஞ்சளும் இருந்தன. இந்த அடர்ந்த ஆரஞ்சு நிறம் இல்லை. 1837 இல் பாரசீகத்திலிருந்து ஒரு மஞ்சள் ரோஜா இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பிரான்சின் லியோன் நகரத்துத் தோட்டக்காரர் பெர்னே துஷே அதைப் பல்லாண்டு கலப்பினம் செய்து, 1900 இல் 'சொலே டோர்' என்னும் ரோஜாவை வெளியிட்டார். இன்று உலகில் உள்ள ஆரஞ்சு ரோஜாக்கள் பெரும்பாலும் அவ்வழி வந்தவை. நிறத்தைக் கொடுத்த அந்தப் பாரசீகத்து மூதாட்டி, கரும்புள்ளி நோய்க்கு இடங்கொடுக்கும் பலவீனத்தையும் கூடவே சீதனமாகக் கொடுத்துவிட்டாள்.

இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அப்பூசணம் முளைவிடும். உடுமலையில் அது எளிதன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனியிலும் ஆடியிலும் எங்கள் கதவுகளைப் பிடுங்கும். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பனியோ தூறலோ அக்காற்றில் நொடியில் உலர்ந்துவிடும். மழைக்காலத்து இரண்டு மாதங்களைப் பொறுத்துக்கொண்டால், மற்ற நாட்களில் காற்றே வைத்தியம் பார்த்துவிடுகிறது. ஆனால் அதே வறண்ட காற்று செஞ்சிலந்திப் பேனைக் கொண்டுவரும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் அது பெரும்பாலும் அடங்கும். காலை வெயிலுக்கு முன் கழுவினால் ஈரமும் தங்காது.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் மலைத் தொடர் தெரியும். அதன் கிழக்கே பழனி மலைகளின் மேல் கொடைக்கானல் இருக்கிறது. இந்திய ஆட்சிப் பணியை விட்டு அங்கே குடியேறிய எம்.எஸ். வீரராகவனும் துணைவியார் கிரிஜாவும் பல்லாண்டாக ரோஜாக்களை உருவாக்கி வருபவர்கள். குளிர் நாட்டு ரோஜாவைக் கொண்டுவந்து வெப்ப நாட்டில் வதைப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. மணிப்பூர் மலைகளின் பெரிய காட்டு ரோஜாவையும், வங்கத்துச் சதுப்பில் நிற்கும் வெள்ளை ரோஜாவையும் கலந்து நம் மண்ணுக்கேற்ற இனங்களை அவர்கள் தேடினார்கள். கவனிப்புத் தேவைப்படாத செடி என்று தனியே ஒன்று கிடையாது, தன் இடத்தில் நிற்கும் செடியே அப்படி இருக்கும் என்று அவர்கள் பணியைப் படித்தபோது விளங்கிற்று.

ஒருமுறை அச்செடியை இழக்கத் தெரிந்தோம். முடிச்சுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை வாட்டசாட்டமாகக் கிளம்பியது. நல்ல வளர்ச்சி என்று நான் பூரித்தேன். அது ஒட்டுக்கு அடித்தண்டாக வைத்த காட்டு ரோஜாவின் தளிர். விட்டிருந்தால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டிருக்கும். அம்மாதான் மண்ணைப் பறித்து, வேரோடு ஒட்டிய இடத்திலிருந்து அதைப் பிய்த்தெடுத்தார்கள். மேலாக வெட்டினால் இரண்டாக முளைக்குமாம். ஒவ்வோர் அக்டோபரிலும் கிளைகளைப் பாதியாகக் கவாத்துச் செய்வதும் அவர்களே. வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணம் தடவுவார்கள். நாற்பத்தைந்து நாளில் மறுபடி பூக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தங்கையும் அவள் மகளும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மே 25 அன்று பெருநாள். தொழுகை வீட்டிலேயே நடந்தது. விருந்தினர் வருகை இல்லை, தெருவில் நடமாட்டமும் இல்லை. கோடைப் பூ, சிறுத்துத்தான் இருந்தது. தங்கையின் மகள் அதைப் பறித்து வந்து, அம்மாவின் முக்காட்டை விலக்கிக் கொண்டையில் செருகிவிட்டு, "நன்னிம்மா, நீங்க ஏன் எல்லாருக்கும் கொடுக்கிறீங்க, வைக்கவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் யாரும் பேசவில்லை. மார்க்கம் இத்தாவின் காலத்துக்கு மட்டும் அலங்காரத்தை விலக்கியிருக்கிறது. அதன் பிறகும் கைம்பெண் பூ வைக்கலாகாது என்பது நம் தெருக்கள் எழுதிக்கொண்ட சட்டம். அதை நான் மேடையில் பேசியவன். ஆனால் நான் வாங்கித் தந்த செடியின் பூவை என் தாய் ஒருநாளும் சூடாததைப் பல மாதங்களாகப் பார்த்தும் காணாதிருந்தேன். அம்மாவும் அதிகம் கவனிப்புத் தேவைப்படாதவர் என்று எண்ணியிருந்தேன் போலும்.

அம்மா கையை உயர்த்திப் பூவைத் தொட்டுப் பார்த்தார்கள். எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மறுநாள் வாடும்வரை முக்காட்டுக்குள் அது இருந்தது.

ஊரடங்கு தளர்ந்து தெரு பழையபடி ஆனபின், பூக்கள் மீண்டும் அடுத்த வீடுகளுக்கே போயின. தங்கையும் ஊருக்குப் போய்விட்டாள். நான் வற்புறுத்தவும் இல்லை, பேச்செடுக்கவும் இல்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்றே தெரியவில்லை. 2022 இல் பெருநாள் மே 3 அன்று வந்தது. உறவினர் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் இறைச்சிக்கும் சேமியாவுக்கும் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா செடியருகே அமர்ந்து அஸருக்கு ஒளுச் செய்துகொண்டே, "தம்பி, பஜாருக்குப் போனா கொண்டை ஊசி ஒரு அட்டை வாங்கிட்டு வா" என்றார்கள்.

பட்டியலில் எழுதிக்கொண்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை.