சிவப்பு விளக்கும் ஒரு பழைய எம்ஜிபியும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு அரதப் பழசான ஜோக் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் பீரை ஏன் குளிர வைக்காமல் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் லூகாஸ் தயாரிப்பாம் :-) அந்தக் கார்களில் டைனமோ, ஸ்டார்ட்டர், ஹெட்லைட், ஸ்விட்ச் என்று மின்சாரம் ஓடும் இடமெல்லாம் பெரும்பாலும் பர்மிங்காம் லூகாஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். ராத்திரியில் விளக்கு அணைந்தால் திட்டு வாங்குவதும் அந்தப் பெயர்தான். 'இருட்டின் இளவரசன்' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். (சென்னைவாசிகளுக்கு லூகாஸ் என்றால் பாடி பஸ் ஸ்டாப். அதே லூகாஸ்தான். 1961-ல் டிவிஎஸ்ஸோடு கூட்டு சேர்ந்து இங்கே தொழிற்சாலை போட்டது.)

ஜோக்கில் பாதிதான் நியாயம். மீதிப் பாதி ஐம்பது வருடத் துருவுக்கும், ஒயரிங்கில் ஆளாளுக்குக் கை வைத்த பழைய ஓனர்களுக்கும் சேரவேண்டியது.

எம்ஜிபியை எடுத்துக்கொள்ளலாம். 1962-ல் வந்தது, 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் இருக்கும் அபிங்டனில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார், அதனால் இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது. ஆரம்பகால வண்டிகளில் இருந்தது டைனமோ. அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும். அதையும் எஞ்சின் நன்றாகச் சுற்றினால்தான் தரும். சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். 1967 இறுதியில் வந்த இரண்டாவது மாடலில் ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். கூடவே இன்னொரு பெரிய மாற்றமும் செய்தார்கள். அதுவரை பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருந்தது. அதன்பிறகு நெகட்டிவ். இது தெரியாமல் பழைய பழக்கத்தில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் ஒரு நொடியில் காலி.

சரி, 1971 வண்டி ஒன்றும் அதற்கு ஒரு ஓனரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியில் இருப்பது லூகாஸ் 16ஏசிஆர், 34 ஆம்பியர். நவம்பர் மாத சாயங்காலம், நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊர். ஹெட்லைட் மஞ்சளாகி, பிறகு காவி நிறமாகி, இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்காமல் முனக ஆரம்பிக்கிறது. எப்படியோ வீடு வந்து சேருகிறார். மறுநாளே புது ஆல்டர்னேட்டர் ஆர்டர் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

காரணம், டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு. சார்ஜ் ஆகவில்லை என்று சொல்ல மட்டும்தான் அது இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது வேலையும் செய்கிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒரு மின்காந்தம். காந்தம் ஆவதற்கு அதற்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து அந்தக் கரண்ட் சிவப்பு விளக்கு வழியாகத்தான் ரோட்டருக்குப் போகிறது. போகிற வழியில் விளக்கும் எரிகிறது. எஞ்சின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டு தன் ரோட்டருக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கொள்ளும். இப்போது விளக்கின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ். கரண்ட் எந்தப் பக்கமும் போகாது, விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் விஷயம்!

ஆக, பல்பு ஃப்யூஸ் போனால் ரோட்டருக்கு முதல் வாய் கரண்ட் கிடைக்காது. எஞ்சினை நன்றாக முறுக்கினால் மிச்சமிருக்கும் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு சில சமயம் எழும், சில சமயம் எழாது. ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. இதில் இன்னொரு கூத்து, எல்இடி பல்பு. பிரகாசமாக இருக்கட்டும் என்று மாட்டிவிடுவார்கள். எல்இடி குடிக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி, ரோட்டரை எழுப்ப அது பத்தாது. சுமார் 2 வாட் பழைய குண்டு பல்புதான் இங்கே சரி.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சாவியை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு எரியவே இல்லையா? பல்பு, ஒயர், அல்லது உள்ளே தேய்ந்துபோன கார்பன் பிரஷ். எரிந்து, எஞ்சின் ஓடும்போதும் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறதா? டையோடு மேல் சந்தேகப்படலாம். கூடவே பேட்டரி முனையில் மீட்டர் வைக்க வேண்டும். நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் ஆரோக்கியம். ஓடும்போதும் 12.2 என்றால் ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை.

எர்த் பட்டையையும் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதையும் பாடியையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு. அது அரித்துப் போனால் கரண்ட் வேறு வழி தேடும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சுடுகிறது என்றால், ஸ்டார்ட்டரின் கரண்ட் அந்தக் கேபிள் வழியாக வீடு திரும்புகிறது என்று அர்த்தம்.

நம்ம ஓனர் எல்லாம் பார்த்துவிட்டார். பல்பு மங்கலாக மினுக்குகிறது, மீட்டர் 12.2. ஆல்டர்னேட்டர்தான். கழற்ற வேண்டியதுதான்.

முதல் வேலை பேட்டரி. எம்ஜிபியில் அது சீட்டுக்குப் பின்னால், தரைப் பலகைக்கு அடியில் இருக்கும் (அந்தக் காலத்தில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு வைத்தார்கள்). குனிந்து எடுக்க முதுகு வலிக்கும், அதனால் "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது. ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த பிரவுன் ஒயர் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் உயிரோடுதான் இருக்கும், நடுவில் ஃப்யூஸ் கிடையாது. ஸ்பேனர் அந்த முனையையும் எஞ்சினையும் ஒரே நேரத்தில் தொட்டால் பேட்டரியின் முழு பலமும் அந்த ஒயரில் இறங்கும். பக்கத்தில் பெட்ரோல். யோசித்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது சிரமமே இல்லை. பின்பக்கம் பிளக்கை உருவி, மேலே பிடித்திருக்கும் இரண்டு போல்ட், கீழே காடி வெட்டிய பட்டையின் போல்ட், பெல்ட். அரை இஞ்ச் ஸ்பேனர் போதும். கையில் இருப்பது 13 மில்லிமீட்டர் ஸ்பேனரா? அதுவும் உட்காரும், 0.3 மில்லிமீட்டர் தளர்ச்சியோடு. துரு பிடித்த போல்ட் என்றால் அந்தத் தளர்ச்சியே தலையை மழித்துவிடும்.

புதியதை மாட்டி பெல்ட்டை இழுக்கும்போது கம்பி கொடுத்து நெம்புவார்கள். புல்லி பக்கத்து மூடியில் மட்டும்தான் நெம்ப வேண்டும், பின்பக்கம் நெம்பினால் உடையும். பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் அமுக்கினால் அரை இஞ்ச் உள்ளே போகவேண்டும். அதைவிட இறுக்கினால் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் இரண்டின் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

எவ்வளவு பெரியது வாங்குவது என்பதில் ஒரு பேராசை உண்டு. மாடர்ன் கார் ஆல்டர்னேட்டரைப் போட்டு 70 ஆம்பியர் எடுக்கலாம். ஆனால் பேட்டரி காலியாக இருக்கும் நாளில் அத்தனையும் 34-க்காக இழுத்த அந்தப் பழைய பிரவுன் ஒயரில்தான் போகும். ஒயரையும் மாற்றினால் சரி, இல்லையென்றால் 16ஏசிஆரே உத்தமம். இதையெல்லாம் கேட்க ஆளும் கிடையாது. பெரிய மாற்றம் செய்யாத, நாற்பது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் வருடாந்திர சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபி எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. இன்ஸ்பெக்டரும் ஓனர்தான்.

கடைசியாக ஒரு சங்கடம். ரீகண்டிஷன் செய்த ஆல்டர்னேட்டர் வாங்கும்போது கடைக்காரர் டெபாசிட் ஒன்று பிடித்துக்கொள்வார். பழையதை அதே டப்பாவில் போட்டு அனுப்பினால் பணம் திரும்ப வரும். நம்ம ஓனர் பழையதை டீசல் தொட்ட துணியால் துடைக்கிறார். அழுக்குக்கு அடியில் லூகாஸ் பெயரும், பக்கத்தில் தயாரான வாரமும் வருடமும் குத்திய எண்ணும் தெரிகின்றன. 71. வண்டி பிறந்தபோதே கூட வந்தது. டப்பாவுக்குள் போனால் அது யாரோ ஒருவருடைய காரில், வேறு யாரோ சுற்றிய காயிலோடு மறுபிறவி எடுக்கும். இந்த 71 இந்த வண்டிக்குத் திரும்பாது.

டையோடு தட்டு தனியாகக் கிடைக்கிறது. பிரஷ் செட்டும் கிடைக்கிறது. பற்றவைக்கும் கோல் ஒன்றும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் பழையதையே எழுப்பலாம். டெபாசிட்டை மறந்துவிட்டு அதை ஒரு காக்கித் துணியில் சுற்றி கராஜ் ஷெல்ஃபில் வைக்கிறார். வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட்டும் ஹீட்டரும் போட்டு மீட்டரைப் பார்க்கிறார். 13.9. சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது.