நிமிர்த்தி வைத்தால் தெரியும்

முதல் எட்டு மாதம் நான் தொட்டதெல்லாம் ஹெச்.எம்.டி. ஜனதாதான். திருச்சியில் நான் வாட்ச் ரிப்பேர் கற்றுக்கொண்ட பாய் கடையில் பழைய பிஸ்கட் டப்பா நிறைய அவை கிடந்தன. சாவி கொடுக்கும் வாட்ச், 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய ஆலையின் வாட்ச். "இதைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சா, எந்த வாட்ச்சப் பார்த்தும் கை நடுங்காது தம்பி" என்பார் பாய்.

மரக்குச்சியைக் கூராகச் சீவி ஒவ்வொரு கல்லின் துளையையும் துடைக்கவும், ஊசிமுனையில் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விடவும் கற்றுக்கொண்டேன். ஹேர் ஸ்பிரிங்தான் கடைசியில் வசப்பட்டது. முடியைவிட மெல்லிய அந்தச் சுருளில் இரண்டை நான் கோணலாக்கினேன். பாய் திட்டவில்லை. கோணலை எடுக்கவே என்னை உட்கார வைத்தார்.

துபாயில் இருபது வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் ஒருநாள் ரோலெக்ஸ் சப்மரைனரைக் கொண்டுவந்தார். உள்ளே 3135 மெஷின்: தானாகச் சாவி ஏறுவது, 31 கல், மணிக்கு 28,800 துடிப்பு. பாயே சர்வீஸ் செய்தார். கண்ணில் லென்ஸை வைத்தபடி நான் அதன் பளபளப்பிலேயே லயித்திருந்தேன். "மினுக்கத்த அப்புறம் பாரு. மொதல்ல டைம்கிராஃபர்ல வை" என்றார்.

வாட்ச்சின் வேகத்தை அளக்கும் அந்தக் கருவியில் டயல் மேலே பார்க்க வைத்தபோது நாளுக்கு ஒரு விநாடி கூடுதல். சாவி கீழே இருக்கும்படி நிமிர்த்தியபோது ஒரு விநாடி குறைவு. பக்கத்திலேயே நான் சர்வீஸ் செய்த ஜனதா. படுத்திருக்கையில் ஆறு விநாடி கூடுதல். நிமிர்த்தினால் முப்பத்தொன்று குறைவு. எட்டு மாதமாக வாட்ச்சைப் படுக்கவைத்தே சரிபார்த்து, வேலை முடிந்ததென்று நினைத்திருக்கிறேன்!

படுத்திருக்கும்போது, முன்னும் பின்னுமாக ஆடி நேரத்தை வகுக்கும் பேலன்ஸ் சக்கரம் தன் அச்சின் நுனியில் நின்று சுழல்கிறது. நிமிர்த்தினால் அச்சின் பக்கவாட்டு கல்லில் உரசுகிறது, வீச்சு குறைகிறது. தட்டையான ஹேர் ஸ்பிரிங் விரியும்போது ஒருபக்கமாக ஒதுங்குவதால் எடையும் அந்தப் பக்கம் சாய்கிறது. ரோலெக்ஸில் சுருளின் கடைசிச் சுற்றை மேலே தூக்கி உள்பக்கம் வளைத்திருக்கிறார்கள். 1795-ல் ப்ரெகே என்ற வாட்ச் கலைஞர் கண்ட வழி அது; சுருள் நாலாபக்கமும் சமமாக விரியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஜனதாவில் இருப்பது போன்ற ரெகுலேட்டர் முள்ளும் அதில் இல்லை. பேலன்ஸ் வளையத்தின் உள்பக்கம் சின்னஞ்சிறு பொன் நட்டுகள். அவற்றைத் திருகியே வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பேலன்ஸைத் தாங்கும் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கால் உண்டு. ஜனதாவில் ஒரு பக்கம்தான்.

சுவிஸ் கிரோனோமீட்டர் சோதனையில் மெஷினை 15 நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்ப்பதும் இதற்காகவே. கை ஒருபோதும் ஒரே நிலையில் இருப்பதில்லையே. பல லட்சம் விலையில் பெரும் பங்கு பெயருக்குப் போகிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுருளின் வளைவுக்குக் கொடுக்கிற காசு நியாயமானது.

சப்மரைனர் உரியவரிடம் போனதும் என் ஜனதாவை மறுபடி பிரித்தேன். ரெகுலேட்டர் முள்ளுக்குள் ஸ்பிரிங் ஒருபக்கம் ஒட்டிக் கிடந்தது. நான்கு மாலைகள், மூச்சைப் பிடித்து, நடுவுக்கு நகர்த்தினேன். பேலன்ஸைக் கழற்றி அச்சின் முனைகளை மீண்டும் சுத்தம் செய்தேன். நிமிர்த்தி வைத்தபோது முப்பத்தொன்று, பதினான்காகக் குறைந்தது.

பாய் எண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை தொழுகைக்குக் கிளம்பும்போது அந்த ஜனதாவுக்குச் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்டு போனார்.