பேரிஜம் ஏரிக்கு ஒரு நாள்

கோடைக்கானல் செல்லும் குடும்பங்கள் பல, நகரத்து ஏரியில் படகு விட்டுத் தூண் பாறைகளைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், காட்டினுள் கிடக்கும் பேரிஜம் ஏரியைக் காண்போர் சிலரே. வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நாளொன்றுக்குச் சில வண்டிகளே விடப்படும். யானைகள் வந்துவிட்டால் வழியே அடைபடும். பெரியகுளத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, ஜீப் ஒன்றில் சென்றோம்.

வழியெங்கும் ஓங்கி நின்ற பைன் மரங்களைக் கண்டு பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். அழகுதான், ஆனால் அவை மனிதர் நட்டவை. மலையின் சொந்தக் காட்டைக் காண மதிகெட்டான் சோலைக்கு வரவேண்டும். உள்ளே புகுந்தவன் மதி மயங்கி வழி தவறுவான் என்பதால் அப்பெயராம். குட்டை மரங்கள், பாசி போர்த்த கிளைகள், பகலிலும் அரையிருள். ஓட்டுநர் சாலையோரத்துப் பாசியை அழுத்திக் காட்டினார். மழையற்ற அந்நாளிலும் விரலிடையே நீர் கசிந்தது. பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுவன இச்சோலைகளும் புல்வெளிகளுமே.

ஏரியில் அலையில்லை, படகில்லை. குளிக்கவும் இயலாது. பெரியகுளம் நகருக்குக் குடிநீர் தரும் ஏரி இது என்று ஓட்டுநர் சொன்னதும், தங்கை கரையோரம் நெடுநேரம் நின்றுவிட்டாள். “எங்கள் வீட்டுக் குழாயில் வருவது இதுதானா, அண்ணா?” என்றாள்.

பிற்பகலிலேயே வண்டிகள் வெளியேறிவிட வேண்டும். கொண்டுபோன புளிச்சோற்றை ஜீப்பருகே உண்டு, இலைகளைக் கட்டி வண்டியிலேற்றிக்கொண்டு திரும்பினோம்.