கேட்டபின் சரணடைந்தவர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்பது பழைய பெயர், நவதிருப்பதிகளில் ஒன்று. ஆதிநாதர் கோயிலுக்குள் உள்ள புளியமரத்தை உறங்காப்புளி என்கிறார்கள். அதனடியில்தான் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் வாய்திறவாமல் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. அவரைச் சேவிக்க வருகிறவர்கள், குருபக்தி என்றால் என்ன என்று அறிய விரும்பினால், அவருடைய சீடர் மதுரகவியாழ்வாரையும் அங்கே நினைக்க வேண்டும். அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்த அவர் திவ்வியப் பிரபந்தத்துக்குத் தந்தவை 11 பாசுரங்களே. முதல் பாசுரத்தில் கண்ணனைத் தொட்டதுமே குருகூர் நம்பி என்று தாம் அழைக்கும் நம்மாழ்வாரிடம் வந்துவிடுகிறார். பிறகு முழுக்கக் குருவின் புகழ்தான்.

மனிதனைத் தெய்வமாக்கி, சொந்த அறிவை அடகு வைப்பதல்லவா இது என்று கேட்பார்கள். போலிச் சாமியார்களிடம் ஏமாந்தவர்களைப் பார்த்த நமக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் மதுரகவியின் கதை வேறு திசையில் போகிறது. வடக்கே அயோத்தியில் இருந்தபோது தெற்கே தெரிந்த ஒளியைத் தொடர்ந்து குருகூர் வந்தார் என்கிறது குருபரம்பரை நூல். வந்தவுடன் காலில் விழவில்லை. உயிருக்கும் உடலுக்கும் உள்ள உறவு பற்றிக் கடினமான கேள்வியொன்றைக் கேட்டார். விடை கிடைத்த பிறகே சீடரானார். வயதில் மூத்தவர், வேதம் கற்ற அந்தணர். குருவோ இளைஞர், வேளாளர் குடியில் பிறந்தவர். ஆகவே அந்த மரத்தடியில் அவர் விட்டது வயது, குலம், கல்வி ஆகியவற்றின் செருக்கை. அறிவை அவர் விடவில்லை. அந்த அறிவு எழுப்பிய கேள்விதான் அவரைக் குருவிடம் சேர்த்தது. கீதையின் 4ஆம் அத்தியாயமும் ஞானிகளை வணங்குவதோடும் தொண்டு செய்வதோடும் கேள்வி கேட்பதையும் சேர்த்தே சொல்கிறது.

சரி, சரணடைந்த பின் குரு சொன்னதையெல்லாம் கேட்டுத்தானே ஆகவேண்டும்? இதற்கு விடை சிவகங்கைச் சீமையின் திருக்கோட்டியூரில் இருக்கிறது. 18 முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, தம் குரு திருக்கோட்டியூர் நம்பியின் ஆணையை மீறி வைணவ ஆசாரியர் இராமானுசர் எல்லோருக்கும் சொன்னார். தாம் நரகம் போனாலும் மற்றவர்கள் உய்யட்டும் என்ற அவர் பதிலைக் கேட்டு நம்பி அவரைத் தழுவிக்கொண்டார் என்றே மரபு போற்றுகிறது. ஆணை மீறப்பட்டது, பக்தி குறையவில்லை. தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத அந்த மனமே குருபக்தியின் உரைகல். மதுரகவியின் 11 பாசுரங்களை 12,000 முறை ஓதித்தான், வழக்கொழிந்து போயிருந்த நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் மீட்டார் என்று சொல்வதும் அதே மதிப்பீட்டால்தான். அது வரலாறா ஐதீகமா என்பது வேறு விவாதம். ஒரு சீடனின் சரணாகதியால் ஊருக்கே தமிழ் வேதம் கிடைத்தது என்று இந்த மரபு நம்புகிறது. கேள்விக்கு இடம் தராத இடத்தில், பலன் குருவின் வீட்டோடு நின்றுவிடும் இடத்தில் நடப்பதைக் குருபக்தி என்ற பெயரால் அழைக்க யாருக்கும் உரிமையில்லை.