மாட்டுக் கொட்டகையில் பிறந்த பியர்

பியர் ஆலையைப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் மனைவி முகத்தைத் திருப்பிக் கொண்டாள். "போயும் போயும் அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சம்பள நாளன்று தகப்பனாரைத் தேடிக் கள்ளுக்கடை வாசலில் நின்ற பெண் அவள். வாசகர்களில் பலருக்கும் அந்த வாசல் தெரிந்திருக்கும். குடிக்கப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். பிறகு, கிளாஸ்கோவில் படிக்கும் எங்கள் மகளின் அறையில் அவளை விட்டுவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறினேன்.

கிளாஸ்கோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 50 மைல் பயணம். லோமண்ட் ஏரிக்கரையை ஒட்டி ஓடும் வண்டி, ஆரோக்கர் என்ற ஊரைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. பிரேசர் மலைக்கு ஏறும் பாதையை நினைத்துக் கொள்ளுங்கள். (அந்த மலைக்குப் பெயர் தந்த பிரேசரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான்.) ஆனால் இங்கே காடு கிடையாது. இருபுறமும் புல்லும் பாறையும் மழையும்தான். 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாதையை வெட்டிய சிப்பாய்கள், உச்சியில் ஒரு கல்லை நட்டு 'இளைப்பாறு, நன்றி சொல்' என்று பொறித்து வைத்தார்களாம். அதுவே அந்தக் கணவாயின் பெயராகிவிட்டது. நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். அடிக்கடி மண் சரியும். 2020 ஆகஸ்டில் பெருஞ்சரிவு ஏற்பட்டுச் சாலையே மூடிக் கிடந்தது. அந்தப் பக்கத்து மக்களுக்கு நகரத்துக்குப் போக நேர்வழி இதுதான். இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் 'லொக் ஃபைன்'. கடல், நிலத்துக்குள் 40 மைல் தூரம் கையை நீட்டிப் படுத்திருக்கிறது. அந்தக் கையின் விரல்நுனி போன்ற இடத்தில் கெய்ர்ண்டோ என்ற சிற்றூர். அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் நடந்தால் அகடூனன் பண்ணை வருகிறது. கண்ணை மறைக்கும் சடைமயிரும் நீண்ட கொம்பும் கொண்ட மாடுகள் மழையில் நனைந்தபடி மேய்கின்றன. முதலில் பார்க்கும்போது பயமாக இருக்கும். உண்மையில் பரம சாது!

இது ஒரு காலத்தில் பால் கறந்து பிழைத்த பண்ணை. ஆனால் மலைச்சரிவிலும் ஓயாத மழையிலும் தொலைதூரச் சந்தையை நம்பிப் பால் தொழில் நடத்தி மீள முடியுமா? கறவை நின்றது. பால் கறக்கும் கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. ஜானி டெலாப், டக்கி டெலாப் என்ற கணவன் மனைவி இருவரும் 2001-இல் அந்தக் கொட்டகையில் ஒரு சின்னஞ்சிறு பியர் ஆலையைத் தொடங்கினார்கள். பெயர் 'ஃபைன் ஏல்ஸ்'. ஒரு தடவைக்குப் பத்து பீப்பாய்தான் காய்ச்ச முடியும். அந்நாட்டுக் கணக்கில் ஒரு பீப்பாய் 36 காலன். ஆக, பத்துக்கு ஏறக்குறைய 1,640 லிட்டர்.

பியர் எப்படி உண்டாகிறது என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். நாம் பயறு முளைகட்டுகிற மாதிரி பார்லியை நனைத்து, முளைவிட வைத்து, காய வைக்கிறார்கள். அதை நொறுக்கி, ஏறக்குறைய 65 பாகை சூடுள்ள நீரில் ஊற வைத்தால் தானியத்தின் மாவு சர்க்கரையாக மாறுகிறது. வடிகட்டிய சாற்றில் ஒரு வாய் கொடுத்தார் அங்கே வேலை செய்யும் இளைஞர். "இதில் போதை இல்லை ஐயா, தைரியமாகக் குடியுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். வெதுவெதுப்பான பதநீர் என்றே சொல்லலாம்! பிறகு அதை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு கொதிக்க விடுகிறார்கள். அந்தப் பூவை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தேன். எலுமிச்சையும் பச்சைப்புல்லும் கலந்த வாசம். கசப்போ, நாக்கைவிட்டுப் போக மறுக்கிறது. ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். நம் கள் மரத்திலிருந்து இறங்கும்போதே காற்றில் உள்ள ஈஸ்டினால் புளிக்கத் தொடங்கிவிடும். இங்கே அது அளந்து போட்டு, நாள் எண்ணிக் காத்திருக்கும் காரியம்.

அந்தக் காத்திருப்புதான் சிறிய ஆலையின் சங்கடம். தொட்டியில் புளிக்கிற பியர் தன் நாள் முடியும்வரை அந்தத் தொட்டியை விடாது. யார் எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும், தொட்டி காலியானால்தான் அடுத்தது. 2002-இல் அப்போதைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன், அவரும் ஸ்காட்லாந்துக்காரர், சிறிய ஆலைகளுக்குப் பியர் வரியைப் பாதியாகக் குறைத்தார். நாடெங்கும் சின்ன ஆலைகள் முளைத்தன. அளவு கூடக் கூட வரிச் சலுகை குறையும். (2023-இல் இந்த முறையை மாற்றிவிட்டார்கள்.) ஆகவே பெரிதாவது என்பது வெறும் சந்தோஷ சமாச்சாரம் அல்ல. கடன், கூடுதல் வரி, கூடுதல் ஆள், விற்காவிட்டால் என்ன ஆவது என்ற கவலை எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

இதற்கிடையில் 2009-இல் ஜானி காலமாகிவிட்டார். அந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். டக்கி அம்மையார் விடவில்லை. மகன் ஜேமி பொறுப்பை ஏற்றார். 2010-இல் 'ஜார்ல்' என்ற பொன்னிறப் பியர் வந்தது. அமெரிக்க ஹாப்ஸ் சேர்ந்த, 3.8 சதவீத மது மட்டுமே உள்ள இலேசான சரக்கு. அது பெயர் வாங்கிவிட்டது. கொட்டகை போதவில்லை.

எங்கே போவது? ஸ்காட்லாந்தில் இன்னோர் ஆலை, ஹார்விஸ்டன், 1983-இல் டாலர் என்ற ஊருக்கு அருகே இதே போல ஒரு கல் மாட்டுக் கொட்டகையில்தான் பிறந்தது. வளர்ந்ததும் 2004-இல் பக்கத்து ஆல்வா ஊரின் தொழிற்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. அது நியாயமான வழி. லாரி வரும், சாலை நன்றாக இருக்கும். மண் சரியும் கணவாய்க்கு அப்பால் இருக்கிற ஃபைன் ஏல்ஸுக்கும் நகரத்துப் பக்கம் போவதுதான் சுலபம். போகவில்லை. 2014-இல் அதே பண்ணையிலேயே, முன்னதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 40 பீப்பாய் காய்ச்சும் புதிய ஆலையை எழுப்பிவிட்டார்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆலை போனால் பள்ளத்தாக்கில் வேலையும் போய்விடும் என்பது எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம். வேலை போன இடத்தில் பிள்ளைகள் தங்குவதில்லை. லயங்கள் காலியானதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதிய ஆலையில் எல்லாம் பளபளக்கும் எஃகு. குழாய்கள், அளவுமானிகள், ஈரத் தரை. கால் வழுக்கிவிடும், பார்த்து நடக்க வேண்டும். பாதி வேலை கழுவுவதுதான் என்று சிரித்தார் அந்த இளைஞர். நம் பால் ஸ்டோரிலும் அப்படித்தானே! பழைய தளவாடங்களைப் பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிடவில்லை. புதுப்புது வகைகளைச் சோதித்துப் பார்க்க அவை பின்னர் உதவியிருக்கின்றன.

ஆனாலும் மனம் முழுக்க ஒப்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். குடியால் கெட்ட குடும்பங்கள் அந்த நாட்டிலும் ஏராளம். அதனால்தான் மலிவு மதுவுக்கு எதிராக 2012-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. விஸ்கிச் சங்கம் நீதிமன்றம் போயிற்று. 2017-இல் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 மே மாதம் முதல் குறிப்பிட்ட விலைக்குக் கீழே மது விற்கக் கூடாது. 2024-இல் அந்த விலையை இன்னும் ஏற்றினார்கள். புதிய ஆலை எழுந்த அதே 2014-இன் கடைசியில், வாகனம் ஓட்டுகிறவர் இரத்தத்தில் இருக்கலாம் என்ற மது அளவையும் குறைத்துவிட்டார்கள். பள்ளத்தாக்குக்குச் சோறு போடுவதும் அதே பானம், வேறு எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் செய்வதும் அதே பானம். இரண்டும் உண்மை. அங்கே நின்றபோது இரண்டையும் நினைத்துக் கொண்டுதான் நின்றேன்.

புறப்படும் நேரத்தில் சாறு பிழிந்த பார்லிச் சக்கையை மாடுகளுக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள். இன்னும் ஆவி பறந்தது. மழையில் அந்தச் சடைமாடுகள் மூக்கை நுழைத்துத் தின்ற வேகம் இருக்கிறதே!

கிளாஸ்கோ திரும்பும்போது இரவாகிவிட்டது. மனைவி முதலில் என் வாயை முகர்ந்து பார்த்தாள். பிறகு சாப்பாடு போட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை.

"அந்தம்மா, புருஷன் போன பிறகும் நடத்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

"மாடு இன்னும் இருக்கா?"

"இருக்கிறது."

"சரி, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றாள்.